காலும் விலங்கும்

சில சொற்கள் அகராதியில் உறங்கும்; சில சொற்கள் நம் உறக்கத்தைக் கெடுக்கும். பண்டைய கிரேக்க மொழியில் விலங்கைக் குறிக்கும் ‘பெதே’ என்ற சொல் என் உறக்கத்தைக் கெடுத்தது.

கிரேக்கத்தில் பாதத்திற்குப் பெயர் ‘பூஸ்’. அது பிறந்த வேரிலிருந்தே ‘பெதே’யும் பிறந்தது. காலைப் பூட்டுவது என்பது பொருள். இலத்தீனின் ‘பெதிகா’வும், ஆங்கிலத்தின் ‘ஃபெட்டர்’ என்பதும் அதே வேரில் கிளைத்தவையே. நடப்பதற்கென அமைந்த உறுப்பிலிருந்தே, நடையைத் தடுக்கும் கருவிக்குப் பெயர்! என்னே விந்தை!

ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றில் இச்சொல்லை ஆள்கிறார். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டா வீரர்கள் தெகியா நகர்மீது படையெடுத்தனர். டெல்பி கோயிலின் குறிமொழி தமக்கே வெற்றி கூறுவதாக நம்பினர். தெகியரைப் பூட்ட விலங்குகளையும் சுமந்து சென்றனர். நடந்தது என்ன? தோற்றனர்! சிறைப்பட்டோர், தாம் கொண்டுவந்த விலங்கைத் தாமே பூண்டு, தெகியாவின் வயல்களில் உழைத்தனர். அவ்விலங்குகள் தம் காலத்திலும் அதீனா கோயிலில் தொங்கியதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பூட்டுவோன், பூட்டப்படுவோன் என்ற பிரிவு பிறப்பில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும், பின்னர் வந்த அரிஸ்டாட்டில், சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று தம் ‘அரசியல்’ நூலில் வாதிட்டார். அடிமைமுறை இயற்கையன்று, மனிதர் வகுத்ததே என்று கூறுவோர் அன்றே இருந்தனர் என்பதையும் அவரே குறித்துள்ளார். கல்லூரித் தேர்வில் அவர் வாதத்தைப் பிசகாமல் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். மறுத்து ஒரு வரியும் எழுதினேனில்லை. மேதை சொல்லிவிட்டார் என்று அடங்கிய அந்த மனம், இரும்பின்றிச் செய்த விலங்கு அன்றோ?

‘பெதே’ எனக்கு உண்மையை உணர்த்திற்று. கால் முந்தியது, விலங்கு பிந்தியது. கால் இயற்கை தந்தது. விலங்கு கொல்லன் உலையில் வந்தது. காலோடு பிறந்தோர் கோடி. விலங்கோடு பிறந்தவர் ஒருவர் உண்டோ?

வகுப்பில் இதை விளக்கினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

“மனிதன் பூட்டியது என்றால், மனிதனால் கழற்றவும் முடியுமல்லவா, ஐயா?”

தேர்வில் நான் எழுதாமல் விட்ட வரியை அவன் எழுதிவிட்டான்.