கூடைக்குள் முதிரும் திராட்சை

ஈஜியன் கடலிலே பிறைபோல் வளைந்து கிடக்கும் சந்தோரினி, கிரேக்க நாட்டுக்குரிய ஒரு சிறு தீவு. ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பாகத்தைக் கடலுள் ஆழ்த்தியது. எஞ்சிய நிலத்தைச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. அந்தச் சாம்பற் பூமியிலேதான் உலகம் புகழும் திராட்சை மது பிறக்கின்றது.

திராட்சை என்றதும் பந்தலே நம் நினைவுக்கு வரும். சந்தோரினியின் பழைய தோட்டங்களிலோ பந்தலைக் காணோம். கோடையில் வடக்கிலிருந்து வீசும் கடுங்காற்று, உயர்ந்து நிற்கும் கொடியை முறித்துவிடும். மணலை வாரியடித்துப் பிஞ்சுகளைச் சிதைத்துவிடும். ஆகவே உழவர் கொடியைத் தரையோடு தரையாகச் சுற்றிக் கூடைபோல் முடைந்து விடுகின்றனர். அக்கூடையின் உள்ளே, இலை நிழலில், குலைகள் முதிர்கின்றன. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கொடியை வெட்டிச் சீர்செய்து, புதிய தண்டைப் பழைய வளையத்தோடு பின்னுதல் வேண்டும்.

கோடையில் மழை அரிது. இரவிலே கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சிவைத்து வேருக்கு வழங்குகின்றது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைப் பாழாக்கிய பில்லொக்சரா என்னும் வேர்ப்பூச்சியும் இம்மண்ணில் வாழமாட்டாது. ஆதலால் கொடிகள் ஒட்டின்றிச் சொந்த வேரிலேயே நிற்கின்றன. தண்டு முதுமையுற்று விளைவு குன்றினால் அதனை வெட்டிவிடுவர். பழைய வேரிலிருந்து புதுத்தளிர் எழும்.

இங்கு விளையும் அசிர்த்திக்கோ என்னும் வெண்திராட்சை, கொடிய வெயிலிலும் தன் புளிப்பை இழப்பதில்லை. அதிலிருந்து வடிக்கும் இனிப்பற்ற மதுவில் புளிப்போடு உப்பின் சாயலும் தோன்றும். பெரும்பாலும் அப்பழத்தையே வெயிலில் பல நாள் உலர்த்திப் பிழிந்து, மரப்பீப்பாவில் இரண்டாண்டுக்குக் குறையாமல் முதிரவைத்தால், அதுவே வின்சாந்தோ என்னும் இனிய மதுவாகும்.

1956ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின் பலர் தீவை விட்டகன்றனர். பின்னாளில் உல்லாசப் பிரயாணிகள் திரண்டு வந்தனர். தோட்டங்கள் சில விடுதிகளாயின. கூடை முடைதல் குனிந்த முதுகோடு கையாற் செய்யும் வேலை. இயந்திரம் அதற்கு உதவாது. விடுதித் தொழிலோ விரைவில் பணம் தருவது. அண்மைக்கால வரட்சியும் விளைவைக் குறைத்துள்ளது. இளைஞர் தோட்டத்தை நாடாதிருப்பதில் வியப்பென்ன?

எரிமலை தந்த சாம்பல் எங்கும் போய்விடாது. காற்றும் என்றும்போல் வீசும். ஆயின், அவ்விரண்டுக்கும் நடுவே கொடியைக் காத்து நின்றவை மனிதரின் கைகளே. அக்கைகள் ஓய்ந்தால், மண் இருந்தும் அந்தச் சுவை இராது.