அப்பா வெட்டிய தகடு

செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஐந்து ஏக்கர் நிலம். கிணற்றுப் பாசனத்தில் நெல், மானாவாரியில் மல்லாட்டை. அந்த வீட்டில் 1991 மாடல் மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் ஒன்று இருக்கிறது. அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. உரமும் விதையும் வருவது அதில்தான். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் போவதும் அதில்தான்.

பல வருஷங்களுக்கு முன், சேற்றில் மாட்டக்கூடாது என்று அப்பா பெரிய டயர் போட்டார். வண்டியைத் திருப்பினால் டயர் உரசியது. உடனே முன் மட்கார்டுகளையும், பின் சக்கரத்துக்கு மேலிருந்த பாடித் தகட்டையும் கேஸ் கட்டரால் வெட்டிவிட்டார். வெட்டிய ஓரத்துக்குப் பெயின்ட்கூட அடிக்கவில்லை. சேறு அங்கேயே அப்பியது. பொட்டாஷ் மூட்டையிலிருந்து சிந்தியதும் சேர்ந்துகொண்டது. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. ஈரம் பட்டால் சமையல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். துரு ஓரத்தில் தொடங்கித் தரைத்தகடு வரை இறங்கிவிட்டது.

இந்த ஆண்டு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. நிறுவனம் கொடுத்த அமைப்புக்கு மாறாகச் செய்யக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பழைய அளவு டயரும் முழு மட்கார்டும் திரும்ப வந்தாக வேண்டும் என்றான் மகன்.

"ஓடுற வண்டிக்கு எதுக்குடா இவ்ளோ செலவு? ஒரு தகரத்த மேல வெச்சி அடிச்சி, பட்டி போட்டா போச்சி" என்றார் அப்பா.

டிங்கர் வேலை செய்பவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்பிடி செஞ்சா ரெண்டு மழ தாங்காதுங்க ஐயா. ரெண்டு தகட்டுக்கு நடுவுல தண்ணி நின்னு, உள்ளாலயே துருப்பிடிச்சிடும்."

அவர் சொன்னது ஒட்டுக்கட்டுகிற விவசாயிக்கு எளிதில் புரியும். காய்ந்த கிளையைப் பச்சை தெரியும் வரை வெட்டினால்தான் ஒட்டு பிடிக்கும். தகட்டிலும் துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகமாகத் தேடி வாங்கி மாட்டிவிடலாம். பின்பக்கம் அப்படியில்லை. அது பாடியோடு சேர்ந்த தகடு என்பதால் அங்கே துண்டு வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. தகட்டை அளவாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் பொருந்த வைக்க வேண்டும். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளியும். விரற்கடை நீளம் வைத்து, அது ஆறுவதற்குள் எதிர்ப்பக்கம் போய் வைத்து, இப்படி மாற்றி மாற்றி முடிக்க வேண்டும். வேலைக்கு முன் பேட்டரி வயரையும் டீசல் டேங்கையும் கழற்றிவிடுவது முக்கியம். பட்டி மேடு பள்ளத்தைச் சமமாக்க மட்டும்தான். ஓட்டையை அடைக்க அல்ல. கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துக்கும் பிரைமர் அடிக்க வேண்டும்.

எல்லாம் சரி, பின்பக்க வளைவுக்கு அளவு எங்கே? இரண்டு பக்கமுமே வெட்டப்பட்டிருந்தன.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா, மோட்டார் கொட்டகைக்குப் போனார். ஸ்டார்ட்டர் பெட்டிமேல் மழை படாமல் கவிழ்த்திருந்த பழைய தகட்டை எடுத்துவந்து நீட்டினார். அன்று வெட்டிய அதே துண்டு. கூரைக்குள் இருந்ததால் வளைவு கெடவில்லை.

"தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

அதை வைத்து அட்டையில் வரைந்து, அந்த அளவுக்கே புதுத் தகடு வளைத்தார்கள். மறுபக்கத்துக்கு அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். வேலை முடிய மூன்று வாரமானது.

இப்போது உரம் ஏற்றி வந்த அன்றைக்கெல்லாம் வண்டியைக் கழுவுகிறார்கள். முதலில் பக்கெட்டோடு போவது அப்பாதான். சக்கரத்துக்கு மேலே, அந்த ஒட்டுப் போட்ட இடத்தில் தண்ணீரை ஊற்றி, சேறு போகும் வரை கையாலேயே தேய்க்கிறார்.