வெளிமானுக்கு வெளி வேண்டும்

"கிண்டிக்குப் போய்விட்டு வந்தோம்" என்று சென்னைக்காரர்கள் சொன்னால், பெரும்பாலும் சிறுவர் பூங்காவையும் பாம்புப் பண்ணையையும் பார்த்துவிட்டு வந்தார்கள் என்றுதான் பொருள். எனக்கும் தெரிந்த கிண்டி வெகுநாள் அதுதான். முதலில் பிள்ளைகளை, பிறகு பேரப்பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப் போனேன். ஊஞ்சல், சறுக்குமரம், கம்பிவலைக்குப் பின்னால் மான். அந்தப் பூங்காவை ஒட்டி ஒரு நிஜக் காடே இருக்கிறது என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

1910-இல் காப்புக்காடாக அறிவித்தபோது அதன் பரப்பு சுமார் 505 ஹெக்டேர், ஏறக்குறைய 1,250 ஏக்கர். இன்று தேசியப் பூங்காவாக மிஞ்சியிருப்பது சுமார் 270 ஹெக்டேர்தான். மீதி எங்கே? ஐ.ஐ.டி.க்கு ஒரு பெரும் பகுதி போனது. காந்தி மண்டபம், ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் என்று வரிசையாக வந்தன. ஒன்றைக்கூடத் தப்பான காரியம் என்று சொல்ல முடியாது. அதுதான் சங்கடம். கெட்ட காரியத்துக்குக் கேட்டால் மறுத்துவிடலாம். நல்ல காரியத்துக்குக் கேட்டால் யார் மறுப்பது? 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகுதான் மிச்சத்துக்கு ஒரு காவல் கிடைத்தது.

சமீபத்தில் எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. ஒரு நண்பர், "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே சார், நம்மள மாதிரி வயசானவங்க காலையில நடக்க உள்ளே ஒரு பாதை போட்டா என்ன?" என்றார். இன்னொருவர், "பாதை வேண்டாம், வெட்டவெளியா கிடக்கிற இடத்துல மரமாவது நடலாமே" என்றார். இருவரும் நல்ல மனிதர்கள். ஆனால் இரண்டுமே அங்கே வாழும் பிராணிகளுக்கு ஆகாத யோசனைகள்.

முதலில் மரத்தை எடுத்துக்கொள்வோம். கிண்டியில் புள்ளிமானும் உண்டு, வெளிமானும் உண்டு. முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக நிற்பது ஆண் வெளிமான். புள்ளிமானுக்குப் புதரும் நிழலும் பிடிக்கும். வெளிமானுக்குப் பெயரிலேயே வெளி இருக்கிறது. ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து, நாலுகால் பாய்ச்சலில் ஓடித் தப்பிப்பதுதான் அதன் பிழைப்பு. அதற்குப் புல்வெளி வேண்டும். காட்டுக்குள் இருக்கும் போலோ மைதானம் நம் கண்ணுக்குப் பொட்டல். வெளிமானுக்கு அதுதான் வீடு. அங்கே சீமைக் கருவேலமும் புதரும் மண்டினால் புள்ளிமான் பெருகும், வெளிமான் குறையும். மரம் நட்டாலே காடு வளர்ந்துவிடும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

அடுத்து பாதை. நாம் மட்டுமா உள்ளே போவோம்? நம்மோடு பிஸ்கட் பொட்டலம் போகும், பிளாஸ்டிக் பை போகும், பின்னாலேயே தெருநாயும் போகும். உப்பும் உணவு வாசனையும் ஒட்டிய பையை மான் அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காமல் இரைப்பையை அடைத்துக்கொள்ள, கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினியில் சாகும். மான் மட்டுமல்ல, நரி, மரநாய், கீரி, ஆமை எல்லாம் அந்தச் சிறிய இடத்தில்தான் ஒடுங்கி வாழ்கின்றன. சுற்றிலும் சாலையும் மதிலும். விரட்டினால் ஓடிப்போக அவற்றுக்கு வேறு காடு கிடையாது.

நாம் உள்ளே போகாவிட்டாலும் அந்தக் காடு நமக்கு உதவாமல் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஊரெல்லாம் தண்ணீர் சாலையில் ஓடும்போது, அங்கே மண்ணும் அப்பளங்குளம், காத்தான் கொல்லை போன்ற குளங்களும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சோழமண்டலக் கரையில் ஒருகாலத்தில் நெடுகப் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. களாவும் சூரையும் தானாக முளைத்து நிற்கும் இடம் இந்த நகரத்தில் வேறு எத்தனை இருக்கிறது?

பொழுதுபோக்குக்கு ஓர் இடம், பிராணிகளுக்கு ஓர் இடம் என்று நடுவில் வேலி போட்டிருப்பது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். நடக்க நமக்குக் கடற்கரை இருக்கிறது, தெருவுக்குத் தெரு பூங்கா இருக்கிறது.

பேரப்பிள்ளைகளைத் தாராளமாகச் சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். வேலிக்குள் தின்பண்டம் போட வேண்டாம், கொண்டுபோன பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வாருங்கள். காட்டுக்குள் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று குழந்தை கேட்டால், "அது மானோட வீடு, கூப்பிடாம போகக்கூடாது" என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அது உடனே புரிந்துவிடுகிறது. பெரியவர்களுக்குத்தான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.