முதுகு வலிக்கிற பந்துவீச்சாளரை எத்தனை நாள் வைத்திருப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாசியுங்கள்.

போன நவம்பரில் ஐபிஎல் அணிகள் யாரை வைத்துக்கொள்கின்றன, யாரை விடுகின்றன என்ற பட்டியல் வந்தது. அன்று என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பட்டியலைப் பார்த்துவிட்டு, "மாமா, டெல்லிக்காரனுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. நடராஜனைத் திரும்பவும் வச்சிருக்கான். 10 கோடியே 75 லட்சம் குடுத்து எடுத்தான், 2025ல ரெண்டே ரெண்டு மேட்ச்தான் ஆடுனாரு. எந்நேரமும் காயம். இவரை எதுக்கு வச்சுக்கணும்?" என்றான். நான் ஏதோ பதில் சொல்ல, அவன் ஏதோ சொல்ல, காபி ஆறிப்போய் என் மனைவி இரண்டாவது தடவை சூடு பண்ணிக் கொடுத்தார். அத்தோடு அந்த விவாதத்தை மறந்துவிட்டேன். போன வாரம் ஒருவர் வீட்டுக்கு வந்து போன பிறகுதான் அது மறுபடி மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணக்கு வாத்தியாருக்கு கிரிக்கெட்டில் என்ன வேலை என்று என்னிடம் படிக்காதவர்கள் கேட்கலாம். எங்கள் பள்ளியில் பி.டி. சாருக்கு கபடியும் வாலிபாலும்தான் உயிர். கிரிக்கெட்டை அவர் விளையாட்டாகவே மதிக்க மாட்டார். அதனால் டீம் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோடையில் கண்மாய் வற்றினால் அதுதான் மைதானம். வெடித்த கரம்பையை மண்வெட்டியால் செதுக்கி, தண்ணீர் தெளித்து, மேலே மேட்டை விரித்து ஆணி அடிப்போம். மேட்டில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையில் எங்கே பந்து விழுந்தால் எங்கே திரும்பும் என்பது நம் பையன்களுக்கு மட்டும் தெரியும். நமக்கு அது ஒரு பெரிய பலம்!

சரி, முதலில் மருமகனுக்கான பதில்.

சின்னப்பம்பட்டி நடராஜன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சேலம் மாவட்டத்துக் கிராமம், கூலி வேலை பார்த்த குடும்பம், டென்னிஸ் பந்தில் வளர்ந்த இடது கை வேகப்பந்து. தமிழ்நாடு அணிக்கு வந்த புதிதிலேயே பந்துவீசும் முறையில் சந்தேகம் கிளப்பினார்கள். அதை மாற்றிக்கொண்டு வந்தார். 2017ல் பஞ்சாப் 3 கோடி கொடுத்து எடுத்தது, அடுத்த வருடம் விட்டுவிட்டது. 2018ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. ஆனால் அணியில் வைத்திருந்தது. 2020ல் இறக்கினார்கள். யார்க்கர் யார்க்கராகப் போட்டு 16 விக்கெட் எடுத்தார். வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். அப்படிச் செய்த முதல் இந்தியர் அவர்தான். சில மாதங்களில் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2021 சீசனில் 2 ஆட்டம்தான். அப்போதும் 'அவ்வளவுதான், முடிந்தது' என்றார்கள். 2022ல் 11 ஆட்டத்தில் 18 விக்கெட். 2024ல் 19 விக்கெட், அதில் டெல்லிக்கு எதிராகவே ஒரு நாள் 19 ரன் கொடுத்து 4 பேரை எடுத்தார். டெல்லிக்காரர்கள் சும்மா ஒன்றும் பணத்தைக் கொட்டவில்லை மருமகனே, வாங்கிய அடி நினைவில் இருந்திருக்கும்!

அடுத்து தீபக் சாஹர். 2022 ஏலத்தில் சென்னை 14 கோடி கொடுத்தது. தொடைத் தசை, அப்புறம் முதுகு என்று அந்த வருடம் முழுவதும் ஒரு பந்துகூட வீசவில்லை. ஒரு பந்துக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போடச் சொன்னான் மருமகன். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்! சென்னை அவரை விடவில்லை. 2023லும் இடையில் காயம். ஆனாலும் 10 ஆட்டத்தில் 13 விக்கெட் எடுத்தார், அந்த வருடம் கோப்பையும் வந்தது. 2024ல் மறுபடி சேப்பாக்கத்தில் இரண்டு பந்து போட்டுவிட்டு வெளியே நடந்தார். அதன் பிறகுதான் விட்டார்கள். மூன்று வருடம் வைத்திருந்தது லாபமா நஷ்டமா? என்னால் ஒரே விடை எழுத முடியவில்லை. விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் நானே பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன்.

வேகப்பந்து வீச்சு உடம்புக்கு இயல்பான காரியம் இல்லை. ஓடி வந்து முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்கி முதுகுக்குப் போகிறது. அதே நொடியில் இடுப்பு ஒரு பக்கம் வளைந்து திரும்புகிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஓரிடத்தில் வெளுத்து வருமே, அது மாதிரி கீழ்முதுகு எலும்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், இளம் வயதில் எலும்பு இன்னும் முற்றாத நிலையில்தான் இது அதிகம் வருகிறது. இருபது வயதைத் தாண்டினால் எலும்பு கொஞ்சம் தாங்கும். ஆனால் நல்ல பையன் என்று நாம் அதிகமாகப் பந்து போடச் சொல்வதே பதினாறு, பதினேழு வயதில்தானே?

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. அதில் பந்து எறிபவர்களுக்கு முழங்கைதான் போகும். 1974ல் டாமி ஜான் என்பவருக்கு முழங்கைத் தசைநார் அறுந்துபோக, ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநாரை எடுத்து அங்கே கட்டினார். அவர் ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்றரை வருடம் ஆனது. அதன் பிறகு வந்து இன்னும் 13 வருடம் ஆடினார். அவர் ஆயுளில் ஜெயித்த 288 ஆட்டங்களில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. அந்த ஊரில் லிட்டில் லீக் என்று சிறுவர் போட்டி நடக்கிறது. 11, 12 வயதுப் பையன் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருப்பார். நம்மூரில் ஸ்கோர் எழுதவே ஆள் கிடைக்காது.

இப்போது அந்த வீட்டுக்கு வந்தவர் கதைக்கு வருகிறேன்.

1998ஆம் வருடம். பெயர் சொல்ல மாட்டேன். அந்த வருடம் படித்தவர்களுக்கு யார் என்று தெரியும், நீங்களும் கமெண்டில் சொல்லாதீர்கள். பிளஸ் ஒன் பையன். ஆலங்குடிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவான். அப்பா குத்தகை நிலத்தில் கடலை போடுபவர். வீட்டில் கடலை பறிக்கிற நாட்களில் மட்டும் பள்ளிக்கு வர மாட்டான். அவ்வளவு வேகம் நான் அதற்கு முன் எங்கள் பள்ளியில் பார்த்ததில்லை. விக்கெட் கீப்பர் முன்னூறு மில்லி ரத்தம் கொடுத்தவன் மாதிரி வெளிறிப்போய் நிற்பான்.

மாவட்ட அளவில் அரையிறுதி, புதுக்கோட்டையில். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, "சார், இடுப்புல ஒரு பக்கமா வலிக்குது" என்று சொன்னான். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். ஆட்டத்தன்று முதல் ஸ்பெல் நன்றாகப் போட்டான். எதிரணி இழுத்துக்கொண்டே போனது. தோளில் கை போட்டு, "தம்பி, உன்னை நம்பித்தான்டா டீமே இருக்கு" என்றேன். போட்டான். ஜெயித்தோம். மறுநாள் காலையில் பாயிலிருந்து எழ முடியவில்லை என்று அவன் தம்பி வந்து சொன்னான்.

இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டம். நான் அவனை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கூட்டிக்கொண்டு போனேன். இடுப்பில் ஈரிழைத் துண்டை இறுக்கிக் கட்டி மூன்று ஓவர் போட வைத்தேன். தோற்றுத்தான் போனோம். ஜெயித்திருந்தால் மட்டும் என்ன? அதற்குப் பிறகு அவன் வேகமாகப் பந்து போட்டதே இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்களா, ஸ்கேன் எடுத்தார்களா என்று நான் கேட்கக்கூட இல்லை. அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் என்று என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

நம் மாவட்டத்தில் தை பிறப்பதற்கு முன்னாலேயே தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டு தொடங்கிவிடும். அங்கே கால்நடை மருத்துவர் பார்த்து, உடம்பு சரியாக இருக்கிறது என்று சொன்னால்தான் காளையை வாடிவாசலுக்கு விடுவார்கள். அன்றைக்கு என் பையனுக்கு அப்படி ஒரு சோதனை வைத்திருந்தால், அவனைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஆள் நான்தான். நானேதான் கயிற்றை அவிழ்த்தும் விட்டேன்.

அவர் பிறகு சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது ஊரில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறார். போன வாரம் வந்தபோது நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். கொஞ்சம் குனிந்தாலும் பிடித்துக்கொள்ளுமாம். கடையில் ஒரு மோட்டாரைக்கூடத் தூக்க மாட்டாராம், பையன் ஒருத்தனை வேலைக்கு வைத்திருக்கிறார். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். கூட வந்திருந்தது அவர் மகன். பதினாறு வயது. அவனும் வேகப்பந்து. அவனுக்கும் மூன்று வாரமாக இடுப்பில் ஒரு பக்கமாக வலி.

"அடுத்த மாசம் மாவட்ட டீம் செலக்‌ஷன் சார். பயிற்சி குடுக்குறவரு, 'இப்ப விட்டா அடுத்த வருஷம் வயசு தாண்டிரும், வலியோட போட்டுரு'ங்குறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான். நீங்க சொன்னா கேப்பான் சார்" என்றார்.

அவர் என்னைக் குத்திக்காட்ட வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. என் மனைவி எல்லாம் தெரிந்தவர், காபித் தட்டை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

பையனிடம் பேட் கம்மின்ஸ் கதையைச் சொன்னேன். 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட். மொத்தம் 7 விக்கெட், ஆட்ட நாயகன். அப்புறம் முதுகு, குதிகால் என்று காயம் மேல் காயம். அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில், நம் ராஞ்சியில். ஐந்து வருடத்துக்கு மேல் ஆஸ்திரேலியா அவரை விட்டுவிடாமல் வைத்திருந்தது. 2023ல் அவர்தான் கேப்டனாக உலகக் கோப்பையை நம்மிடமிருந்து தூக்கிக்கொண்டு போனார். நம் பாலாஜி கதையையும் சொன்னேன். 2004 பாகிஸ்தான் தொடரில் நாடே கொண்டாடியது, பிறகு முதுகெலும்பில் விரிசல், வீசும் முறையையே மாற்றிக்கொண்டு வந்து 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக். பும்ராவும் 2023ல் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்துதான் 2024 உலகக் கோப்பையில் தொடர் நாயகன் ஆனார். 2025ல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் மூன்றுதான் ஆடுவார் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஊரே திட்டியது. எனக்கு அது சரி என்றுதான் பட்டது.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கம்மின்ஸுக்கு அந்த அஞ்சு வருஷமும் போர்டு சம்பளம் குடுத்திருக்கும் சார். எனக்காக யார் சார் காத்திருப்பாங்க?" என்றான்.

நாற்பது வருடத்தில் வகுப்பறையில் இப்படி ஒரு கேள்விக்கு நான் முழித்ததில்லை. அவன் கேட்டது நியாயம். திரும்பி வந்தவர்கள் பெயரைத்தான் நான் வரிசையாகச் சொன்னேன். வராதவர்கள் எத்தனையோ பேர். நியூசிலாந்தின் ஷேன் பாண்ட் எப்பேர்ப்பட்ட பந்துவீச்சாளர், காயங்களால் 18 டெஸ்டோடு முடிந்துபோனது. பெயர் வெளியே தெரியாமல் முடிந்துபோனவர்தான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே.

கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "ஸ்கேன் எடுக்காம ஒரு பந்துகூடப் போடாத. உன் பயிற்சியாளர்கிட்ட நான் பேசுறேன்." அன்று மாலையே அவரிடம் போனில் பேசினேன். இளைஞர், மரியாதையாகப் பேசினார். "சார், என்கிட்ட இருக்கிறது பதினாலு பேர். இவன் இல்லைன்னா எனக்கு வேகப்பந்தே இல்ல" என்றார். 1998ல் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன். அவரிடம் என் கதையை முழுவதும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தம் இல்லை. பிறகு, "ஸ்கேன் வரட்டும் சார். இந்த வருஷம் போனாலும் பையனை நெட்ஸை விட்டு அனுப்ப மாட்டேன். பேட்டிங் பழகட்டும்" என்றார். அதைச் செய்வாரா என்பது அடுத்த வருடம்தான் தெரியும்.

மருமகனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு எப்படியும் போன் பண்ணுவான்.

வியாழக்கிழமை பையனைத் திருச்சிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போகிறோம். நானும் போகிறேன். என்னிடம் படித்தவர்களில் பிசியோதெரபி படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு என்று கேள்விப்பட்டேன். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இருந்தால் இன்பாக்ஸில் ஒரு வார்த்தை போடுங்கள் கண்ணுகளா. விளையாட்டுக் காயம் பார்த்துப் பழக்கம் உள்ளவராக இருந்தால் நல்லது. பையன் சைக்கிளை மிதித்தே வந்துவிடுவான், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.