பத்து குண்டுகள்

போன ஜனவரியில் மகனும் மருமகளும் என்னை வியட்நாமுக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்ததிலிருந்து, "பயணக் கட்டுரை எங்கே சார்?" என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். படகு, கோயில், சாப்பாடு எல்லாம் பிறகு எழுதுகிறேன். ஒரு இடத்தைப் பற்றி மட்டும் முதலில் எழுதிவிட வேண்டும். அங்கே நான் ஒரு பொய் சொன்னேன்.

அந்த இடத்தின் பெயர் கூச்சி. இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனிலிருந்து வடமேற்கே, பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அமெரிக்காவுடன் நடந்த போரில் கெரில்லாக்கள் ஒளிந்திருந்து சண்டை போட்ட சுரங்கங்கள் அங்கே இருக்கின்றன. கிளைகளோடு சேர்த்து மொத்த நீளம் 250 கிலோமீட்டர் என்கிறார்கள். நம் சென்னையிலிருந்து சிதம்பரம் தாண்டிப் போகிற தூரம்! மூன்று அடுக்கு. உள்ளேயே சமையலறை, வைத்தியசாலை, கூட்டம் போட அறை. அடுப்புப் புகையை நீண்ட வாய்க்கால் வழியாக இழுத்துக்கொண்டு போய், வேறெங்கோ மெல்லிய மூட்டம் போல வெளியே விட்டிருக்கிறார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் காலைப் பனி என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். மூச்சு விடும் துளைகளைக் கறையான் புற்று போலச் செய்திருக்கிறார்கள். 1966-ல் அமெரிக்கர்கள் அந்தப் பகுதியிலேயே பெரிய படை முகாம் அமைத்தார்கள். அப்புறமும் சுரங்கத்தை ஒழிக்க முடியவில்லை.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு சின்னப் பெண். நல்ல ஆங்கிலம் பேசினாள். இலைகள் மூடிக் கிடந்த ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினாள். கீழே ஒரு ஆள் இறங்க மட்டும் இடம். என் பேரன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் இறங்கிக் கைகளைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டான். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கொஞ்சம் அகலப்படுத்திய சுரங்கம் ஒன்று உண்டு. முட்டி வலிக்காரனான நான் அதற்குள் போகவில்லை.

மோப்ப நாய்களை ஏமாற்ற அமெரிக்க சோப்பைத் துளைகளின் பக்கத்தில் வைப்பார்களாம். அதைச் சொல்லும்போது சோப்புக்குத் தங்கள் மொழியில் என்ன பெயர் என்றும் சொன்னாள். "ஸா ஃபோங்" என்று என் காதில் விழுந்தது. "ஸவோன்!" என்றேன் நான், என்னை அறியாமல். பிரெஞ்சில் சோப்புக்கு அதுதான் பெயர். அவளுக்கு ஆச்சரியம். உங்களுக்கு எப்படி பிரெஞ்சு தெரியும் என்று கேட்டாள்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்ஸ் தேசத்து நதிகளை மனப்பாடமாகச் சொல்லுவோம். காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வகுப்பில் தொங்கிய பழைய உலகப் படத்தில் பாண்டிச்சேரிக்கும் இந்தோசீனாவுக்கும் ஒரே நிறம். எங்கள் தெருவில் சைகோன் என்றால் பக்கத்து ஊர் மாதிரி. போலீஸ், சுங்கம், வரி வசூல், பட்டாளம் என்று நம் ஆட்கள் அங்கே வேலை பார்த்தார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். சைகோனில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. வியட்நாம்காரர்களே வந்து ஊதுபத்தி கொளுத்துகிறார்கள்.

இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். "உங்கள் குடும்பத்தில் யாராவது இங்கே இருந்தார்களா?" என்று கேட்டாள்.

"பெரியப்பா இருந்தார். சுங்க இலாகாவில் குமாஸ்தா" என்றேன்.

அதுதான் பொய். பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்களைப் பாண்டிச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவைத் திரும்பப் பிடிக்க 1946-லிருந்து 1954 வரை போரிட்டார்களே, அந்தப் பட்டாளத்தில் இருந்தவர். தியென் பியென் ஃபூவில் அவர்கள் தோற்ற அதே 1954-ல்தான், நவம்பர் 1-ஆம் தேதி, பாண்டிச்சேரியும் இந்தியாவின் கைக்கு வந்தது. பெரியப்பா அதற்கடுத்த வருஷம் ஊர் திரும்பினார்.

அவருக்குக் குழந்தை இல்லை. என் அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னை அவர்தான் படிக்க வைத்தார். அவருக்கு வந்த பிரெஞ்சு பென்ஷனில்தான் எனக்குச் சட்டை, செருப்பு, புத்தகம், தீபாவளிக்குப் பட்டாசு. ஆனால் தீபாவளியன்று அவரை வீட்டில் பார்க்க முடியாது. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே சைக்கிளில் ஊசுட்டேரிக்குப் போய்விடுவார். இருட்டிய பிறகுதான் வருவார். பெரியம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். நாங்களும் கேட்டதில்லை.

அந்தப் பெண் அடுத்துச் சொன்னது எனக்குப் புதிய செய்தி. இந்தச் சுரங்கங்களை அமெரிக்கர்களுக்காக வெட்டத் தொடங்கவில்லையாம். 1940-களின் கடைசியில், பிரெஞ்சுப் பட்டாளத்திடமிருந்து தப்பிக்கத்தான் முதலில் தோண்டினார்களாம். "என் கொள்ளுத்தாத்தாவும் தோண்டினார்" என்றாள் சிரித்துக்கொண்டே.

அப்போதுதான் வெடிச்சத்தம் கேட்டது. என் உடம்பு தூக்கிப்போட்டது. பயப்படாதீர்கள், துப்பாக்கி சுடும் இடம் என்றாள். வளாகத்துக்குள்ளேயே காசு கொடுத்துச் சுடலாம். பக்கத்தில் ஐஸ்கிரீமும் நினைவுப் பொருள்களும் விற்கிறார்கள். எம் 16, ஏகே 47, எம் 60 எந்திரத் துப்பாக்கி என்று விலைப்பட்டியல். பத்து குண்டுக்குக் குறைந்து தர மாட்டார்கள். நம் காசில் 2,000 ரூபாய் ஆகிறது.

"தாத்தா, ஏகே 47 தாத்தா! நம்ம ஊர்ல தொடக்கூட முடியாது" என்றான் பேரன். மகன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நானே பணம் எடுத்துக் கொடுத்தேன்.

துப்பாக்கியைத் தாங்கியோடு பிணைத்து வைத்திருக்கிறார்கள். நினைத்த பக்கம் திருப்ப முடியாது. காதுக்குக் கவசம் தருகிறார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பா எதைக் கேட்க முடியாமல் ஊசுட்டேரிக்கு ஓடினார் என்று ஒரு முறையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. பத்தையும் எண்ணினேன். நெஞ்சுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல இருந்தது. பத்துக்கே அப்படி. எட்டு வருஷத்துக்கு எத்தனை?

வெளியே வந்ததும் அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். சுரங்கத்தில் இருந்தவர்களின் சாப்பாடு அதுதானாம். தொட்டுக்கொள்ள, வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் பொடித்து உப்பு, சர்க்கரை கலந்த பொடி. ஒரு வாய் போட்டதும் தொண்டை அடைத்தது. அதே பொடியைத்தான் பெரியப்பா தன் கையாலேயே இடித்து, மரவள்ளிக்கிழங்கோடு சாப்பிடுவார். பாண்டிச்சேரியில் வேறு யார் வீட்டிலும் அந்தப் பழக்கம் இல்லை. கிழவரின் கிறுக்கு என்று நாங்கள் சிரிப்போம். அவருக்கு அதை யார் கொடுத்திருப்பார்கள்? எந்த வீட்டில்? அந்த வீடு பிறகு என்ன ஆயிற்று?

பஸ் ஏறும்போது அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். அவள் அடுத்த கூட்டத்தை அழைக்கப் போய்விட்டாள்.

பொழிச்சலூருக்கு வந்த மறுநாள் மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போனது. பேரன் செல்போனில் தான் சுட்ட வீடியோவைக் காட்டினான். அப்போது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் யாரையாவது சுட்டாரா தாத்தா?" என்று கேட்டான்.

"நான் கேட்கவே இல்லைடா" என்றேன்.

பெரியப்பா போய் நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அவர் பென்ஷன் புத்தகம் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.