கட்ட முடியாத பூ

திண்டுக்கல்லில் பூ என்றால் கிலோ கணக்குதான். முழம் போடுவதெல்லாம் கோயில் வாசலில். விடியற்காலையில் அண்ணா வணிக வளாகத்துப் பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். மல்லிகை, முல்லை, ஜாதிப்பூ, சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை, அரளி என்று சாக்குச் சாக்காக வந்து இறங்கும். பக்கத்திலேயே நிலக்கோட்டையில் இன்னொரு பெரிய மார்க்கெட். தைப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து, முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் என்று எகிறும். வரத்து கூடிப்போனாலோ, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பூவைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள்.

இந்த ஊர்க்காரர்களிடம் பூ எதுக்கு என்று கேட்டால் மூன்று பதில் வரும். தலைக்கு, சாமிக்கு, சாவுக்கு. (அரசியல்வாதி கழுத்து தனிக் கணக்கு.)

இந்த மூன்றுக்கும் ஆகாத ஒரு பூவை என் பெரியம்மா 1996-லிருந்து வளர்த்து வருகிறார். தோட்டத்தில் இல்லை, மாடியில் இல்லை. வீட்டுக்குள், ஜன்னலே இல்லாத நடு ரூமில், டியூப்லைட் வெளிச்சத்தில்!

ஆப்பிரிக்கன் வயலெட் என்று பெயர். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாகப் படர்ந்த இலை. தொட்டால் வெல்வெட். நடுவில் கொத்தாக ஊதாப் பூ, ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சளாக ஒரு பொட்டு. வாசம் சுத்தமாகக் கிடையாது. காம்பு மெல்லிசு, சதைப்பற்று. நாரில் வைத்து ஒரு சுற்று சுற்றினால் நசுங்கிப் போகும். பெயரில்தான் வயலெட், நிஜ வயலெட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சொந்த ஊர் தான்சானியா. அந்தப் பகுதி ஜெர்மன்காரர்கள் கையில் இருந்த காலத்தில், 1892-ல், வால்டர் செயின்ட் பால் என்ற அதிகாரி உசம்பரா மலைப் பக்கம் இதைப் பார்த்து, ஜெர்மனியில் இருந்த தன் அப்பாவுக்கு அனுப்பி வைத்தார். மறு வருஷம் ஹெர்மன் வெண்ட்லாண்ட் என்ற தாவரவியல்காரர் அந்தக் குடும்பத்தின் பெயரையே வைத்து 'செயின்ட்பாலியா' என்று நாமகரணம் செய்தார். அமெரிக்காவில் இதற்கென்றே 1946-ல் ஒரு சங்கம் தொடங்கும் அளவுக்குப் பைத்தியம் பிடித்தது. 2015-ல் விஞ்ஞானிகள் மரபணுவைப் பார்த்து, இது தனி இனமே இல்லை என்று 'ஸ்ட்ரெப்டோகார்பஸ்' என்ற இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். "பேரையே மாத்திட்டாங்களாம் பெரியம்மா" என்றேன். "மாத்திக்கட்டும். நான் வெல்வெட்டுன்னுதானே கூப்பிடறேன்" என்றார்.

பெரியப்பா வருவாய்த் துறையில் இருந்தவர். 1984-ல் ஒரு ராத்திரி நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பெரியம்மாவுக்கு அப்போது 31 வயது, கையில் ஐந்து வயதுப் பையன். கருணை அடிப்படையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. 1996-ல் ஆபீஸ் வேலையாகக் கொடைக்கானலில் நான்கு நாள் தங்க வேண்டி வந்தது. தங்கிய வீட்டு ஜன்னல் ஓரத்தில் இந்தச் செடி. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு, ஒரே ஒரு இலையைக் காம்போடு வாங்கி, ஈரக் கைக்குட்டையில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து பஸ் ஏறிவிட்டார்.

ஒரு இலை போதும். காம்பை ஈர மணலில் செருகி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் இரண்டு, மூன்று மாதத்தில் அடியில் எலிக் காது மாதிரி குட்டி குட்டியாக இலை வரும். அதைப் பிரித்து நட்டால் தனிச்செடி. இன்றைக்கு அந்த ரூமில் இருக்கிற 22 தொட்டியும் அந்த டிபன் பாக்ஸ் இலையின் பேரப்பிள்ளைகள்தான்.

ஆனால், கொடைக்கானல் 7 ஆயிரம் அடி உயரம். திண்டுக்கல் ஆயிரம் அடிகூடக் கிடையாது. மாவட்டம் ஒன்று, பஸ்ஸில் சில மணி நேரம், சீதோஷ்ணம் வேறு தேசம். இந்தச் செடிக்கு 18-லிருந்து 27 டிகிரி வரை இருந்தால் குஷி. முப்பதைத் தாண்டினால் மொட்டு கருகி விழும். இங்கே சித்திரை, வைகாசியில் சர்வசாதாரணமாக 38, 39.

வாசல் திண்ணையில் வைத்ததில் முதல் இரண்டு செடி வெந்துபோயின. கொல்லைப் பக்கமும் அதே கதை. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது? நடு ரூம். பழைய சுண்ணாம்புக் கட்டடம், ஒன்றரை அடிச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருப்பதால் வெயில் தொடவே முடியாது. அரிசி மூட்டை, பத்தாயம், குளிர்ந்த தரை. ஆனால் கும்மிருட்டு. பகல் பன்னிரண்டு மணிக்கும் ஸ்விட்ச் போட்டால்தான் உளுந்து எது, பயறு எது என்று தெரியும்.

நம்ம ஊர் பிரச்னையே இதுதான். வெளிச்சம் இருக்கிற இடத்தில் சூடு இருக்கும். குளிர்ச்சி இருக்கிற இடத்தில் வெளிச்சம் இருக்காது. வெளிச்சத்தையும் சூட்டையும் பிரித்தால்தான் இந்தச் செடி பிழைக்கும். பெரியம்மா பிரித்தார். முதலில் 60 வாட் குண்டு பல்பு. அது வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் கக்கியது. அப்புறம் பத்தாயத்துக்கு மேலே இரண்டு நாலடி டியூப்லைட். தொட்டிக்கும் லைட்டுக்கும் நடுவில் முக்கால் முழம். ரொம்ப உயரத்தில் வைத்தால் இலைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு மேலே பார்க்கும். ரொம்பக் கிட்டே வைத்தால் நடுக்குருத்து வெளுத்துச் சுருங்கும். காலை ஆறு மணிக்கு ஸ்விட்ச் ஆன், சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஃப். "அதுவும் தூங்கணும்ல?"

டியூப்லைட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. பார்க்க எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் மாதம் ஆக ஆக வெளிச்சம் குறையும். நம் கண்ணுக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும். அதனால் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த ரூமில் புது டியூப். பழையது சமையல்கட்டுக்கு இடம் மாறும். "நமக்கு அது போதும்" என்பார்.

தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பேர்போன ஊர் இது. போர்த் தண்ணியை ஊற்றினால் தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஆகவே ஆத்தூர்த் தண்ணி, இல்லாவிட்டால் மழைத் தண்ணி. அதையும் மேலே ஊற்றக் கூடாது. சில்லென்ற துளி இலையில் பட்டால் தேமல் மாதிரி தழும்பு விழும். தொட்டிக்கு அடியில் திரி கோத்து, மறுமுனையைக் கீழே தண்ணிப் பாத்திரத்தில் விட்டால், செடி தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். விளக்குத் திரியைப் போட்டுப் பார்த்தார், சீக்கிரமே மக்கிவிட்டது. பழைய நைலக்ஸ் சேலையைக் கிழித்துப் போட்டார். அது மக்குவதாவது! மண்ணும் தோட்டத்து மண் இல்லை. தேங்காய் நார்க் கழிவு, மட்கிய இலை, செங்கல் பொடி, கொஞ்சம் கரித்தூள்.

இவ்வளவு செய்தும், கோடையில் பூக்காது. பங்குனி தொடங்கி ஆடி வரை உயிரோடு இருந்தாலே புண்ணியம். ஐப்பசி மழை விழுந்தபின் மொட்டு வைக்கும். மார்கழி, தையில் போனால் அந்த இருட்டு ரூமில் நூறு, நூற்றைம்பது பூ. வெளியே மல்லிகைக்குப் பஞ்சம் வருகிற மாதத்தில்!

நான் பி.காம். என்பதால் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. சோக்கையும் சேர்த்தால் இரண்டு டியூப்புக்கு 100 வாட். 12 மணி நேரத்துக்கு ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். இப்போது 20 வாட் எல்.இ.டி. இரண்டு, இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்டுக்குள் முடிந்துவிடுகிறது. 2016-லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் வேறு. வரவுப் பக்கம் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரன்ட் இல்லாத வருஷம். செடி அத்தனையும் போச்சு என்றுதான் நினைத்தோம். போகவில்லை. இதற்குச் சூரியன் எப்போது உதித்தது என்பது பற்றிக் கவலை இல்லை; ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வந்தது என்பதுதான் கணக்கு. கரன்ட் நடுராத்திரி வந்தால் நடுராத்திரி பகல். ஸ்விட்சை ஆன் நிலையிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

செவ்வந்தியிடம் இந்த வேலை நடக்காது. நீண்ட இரவு கிடைத்தால்தான் அது பூக்கும். ஓசூர்ப் பக்கமும் கர்நாடகத்தில் சிக்கபள்ளாபூர்ப் பக்கமும் ராத்திரியில் செவ்வந்தித் தோட்டத்தில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்க்கலாம். பூக்க வைப்பதற்கு அல்ல. விலை வருகிற நாள் வரைக்கும் பூக்க விடாமல் தடுப்பதற்கு! லைட் ஒன்றுதான்.

பெரியம்மா பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகைத் தோட்டங்கள் நடுவில். சின்ன வயதில் விடியுமுன் மொட்டுப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம். பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமல் கண்ணி கண்ணியாகக் கட்டுவார். இப்போதும் சாமிக்குக் கட்டுகிறார். தலைக்கு மட்டும் 1984-க்குப் பிறகு வைக்கவில்லை. யாரும் வைக்காதே என்று சொன்னதாகவும் தெரியவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

போன தையில் வீட்டில் ஒரு வளைகாப்பு. தாம்பாளத்தில் சரம் சரமாக மல்லிகை. ஒவ்வொரு பெண்ணாகக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். பெரியம்மா பக்கத்தில் வந்ததும் தாம்பாளம் ஒரு விநாடி நின்றது. பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டது. முகம் சுளிக்கவில்லை, மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. எல்லாருக்கும் பழகிய பாதை. பெரியம்மாவும், காபிக்குப் பால் வைக்கணும் என்று எழுந்து போனார்.

காபி வரவில்லையே என்று பார்க்கப் போனேன். நடு ரூமில் லைட் எரிந்துகொண்டிருந்தது. பால் அடுப்பில்; பெரியம்மா இங்கே, வாடின பூக்களைக் காம்போடு கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலேயே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, "தலைக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது. இதுக்குப் போய் எதுக்குக்கா இம்புட்டு மெனக்கெடுறீங்க?" என்று கேட்டார்.

பெரியம்மா திரும்பாமலே சொன்னார். "அதனாலதான்டி."

அந்த அம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். பெரியம்மாவின் பையன், எனக்கு அண்ணன், பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறார். கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. "நாப்பது வருஷமா அம்மா இந்த இருட்டுக்குள்ளயே இருந்துட்டாங்கடா. நல்லா வெளிச்சமா, காத்தோட்டமா ஒரு வீடு கட்டிக் கொடுத்துடணும்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. நல்ல பிள்ளை. பிளான் போட்டு வந்த இன்ஜினீயரும் கெட்டிக்காரர். எல்லா ரூமுக்கும் பெரிய ஜன்னல், நடுவில் ஆகாயம் தெரிகிற மாதிரி கண்ணாடிக் கூரை, மேலே கான்கிரீட் தளம். அந்தக் கான்கிரீட் தளம் சித்திரை வெயிலைப் பகலெல்லாம் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வீட்டுக்குள் கொட்டும். 22 தொட்டியும் ஒரு கோடை தாங்காது. ஏ.சி. போடலாமே என்றார் அண்ணன். நாள் முழுக்கச் செடிக்கு ஏ.சி. என்றால் என் யூனிட் கணக்கு என்ன ஆவது?

பெரியம்மா பிளானை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒட்டினாற்போல் எட்டுக்குப் பத்தில் ஓர் இடம். அதன் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஜன்னலை எடுத்துடுங்க தம்பி. சுவரை ஒன்றரை அடியா வைங்க."

"ஜன்னல் இல்லாம எப்படிங்கம்மா? இருட்டா இருக்குமே!"

"இருக்கட்டும்."

இன்ஜினீயர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். பெரியம்மா பென்சிலை வாங்கி ஜன்னலைத் தானே அடித்தார். அப்புறம், சுவரில் இரண்டு பிளக் பாயின்ட் வேண்டும் என்றார். ஒன்று போதாதா என்று கேட்டதற்கு, "இன்னொரு தட்டு வைக்கணும்ல" என்றார்.