துணியில் வந்த கறுப்பு

பெரியப்பாவிடம் ஒரு கறுப்பு அம்பாசடர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வேப்பமர நிழலுக்கு நகர்த்தி நிறுத்துவார். ரப்பிங் காம்பவுண்ட் டப்பாவை ஆணியால் நெம்பித் திறந்து, பழைய வேட்டித் துண்டில் கொஞ்சம் எடுத்து, பானெட்டில் வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தால் உச்சி வெயில் வரும்வரை நிறுத்தமாட்டார். நடுநடுவே துணியைத் திருப்பி எங்களுக்குக் காட்டுவார். மை தொட்ட மாதிரி கறுத்திருக்கும். "பாத்தியா கண்ணு, எத்தன அழுக்குன்னு!" என்பார். அழுக்குப் போகப்போக வண்டியில் எங்கள் முகம் தெரியத் தொடங்கும். மட்கார்டு விளிம்புகளில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு கோடு வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே வந்தது. துரு என்று நினைத்துக்கொண்டோம்.

அது துருவும் இல்லை, துணியில் வந்தது முழுக்க அழுக்கும் இல்லை என்று எனக்கு விளங்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. விளங்கிய விதத்தில் கொஞ்சம் பணமும் போனது.

நானும் ஒரு கறுப்புக் கார் வாங்கினேன், செகண்ட் ஹேண்டில். வெயில் ஊருக்குக் கறுப்பு ஆகாது, தூசி தெரியும், சூடு ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்றும் உண்மை. பகலில் பார்த்தபோது வண்டி நன்றாகத்தான் இருந்தது. இரவில் தெருவிளக்கின் கீழ் நிறுத்திய பிறகுதான் பானெட் முழுக்கச் சிலந்தி வலை கட்டியிருப்பதைக் கண்டேன். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையம் வளையமாக மெல்லிய கீறல்கள். நான் நகர்ந்தால் வலையும் நகர்ந்தது. உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. அவற்றில் விளக்கைச் சுற்றி வளைவாக அமைந்தவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வலை போலத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. காட்டிக்கொடுக்க அங்கே கறுப்பு இல்லை, அவ்வளவுதான்.

கீறியது யார்? பழைய உரிமையாளர் குடியிருந்த அடுக்குமாடியில் தினமும் விடிகாலையில் ஈரமில்லாத துணியால் எல்லா வண்டிகளையும் துடைக்க ஓர் ஆள் உண்டாம். மாதச் சம்பளம். தூசியில் இருப்பது பெரும்பாலும் நுண்மணல். மணல் என்றால் குவார்ட்ஸ், வண்டிப் பூச்சைவிடப் பலமடங்கு கடினம். அதைத் துணியால் அழுத்தி இழுப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். பட்டறைகளில் கை துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதன் தையல் ஓரங்கள் போதும், ஒரு வண்டியின் முகத்தைக் கெடுக்க. சம்பளம் கொடுத்துக் கீறச் சொல்கிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கோவை சுங்கம் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் பெயிண்ட்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். எந்தப் பெயிண்ட் அடித்தாலும் அவருக்கு அது 'டூக்கோ'தான். டூக்கோ என்பது டூபான்ட் கம்பெனி விற்ற பெயிண்டின் பெயர். 1924 மாடல் ஓக்லாந்து கார்கள் அந்தப் பெயிண்டில் நீலமாக வந்தபோது அமெரிக்காவே அசந்துபோனது. அதுவரை தூரிகையால் வார்னிஷ் பூசிக் காயவிட வாரக்கணக்கில் ஆகும். இது மணிக்கணக்கில் காய்ந்தது. வேகமாகத் தயாராக வேண்டும் என்பதற்காகவே ஃபோர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றார் என்றும் சொல்வார்கள். டூக்கோவின் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ், வெடிமருந்துப் பஞ்சின் உறவுக்காரன். இந்தக் கதையெல்லாம் அண்ணனுக்கு வேண்டியதில்லை. அந்தப் பெயர் மட்டும் கடல் தாண்டி வந்து அவர் வாயில் தங்கிவிட்டது.

"பளபளப்பு இருக்குதுங்கண்ணா, ஆழம் இல்லை. கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரி இருக்கணும்" என்றேன்.

அவர் பானெட்டில் டியூப்லைட்டின் பிம்பத்தைச் சாய்ந்து பார்த்தார். "பளபளப்பு வேணும்னா எதையாவது பூசிடலாமுங்க சார். ஆழம் வேணும்னா எடுக்கோணும். பூசி வராதுங்க."

அந்த ஒரு வாக்கியத்தை ஒழுங்காகக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

ஆழம் என்று நாம் சொல்வது ஒருவகையில் மேற்பரப்பு காணாமல் போவதுதான். வரும் வெளிச்சம் கீறலில் பட்டு நாலாபக்கமும் சிதறினால் கறுப்பின்மேல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். சிதறாமல் அப்படியே திரும்பினால் கறுப்பு கறுப்பாகத் தெரியும், அதற்குள் வானமும் தெரியும். அரசமரத்தடிப் பிள்ளையார் எண்ணெய்க் காப்புக்கு முன்னால் சாம்பல் கல்லாக இருந்துவிட்டு, எண்ணெய் பட்டதும் கன்னங்கரேலென்று ஆவது இதனால்தான். எண்ணெய் கல்லின் நுண்பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. எண்ணெய் காய்ந்தால் பழைய கல். வண்டிப் பாலிஷிலும் இப்படி நிரப்பி ஏமாற்றும் ரகங்கள் நிறைய. வாங்கும் நாளில் கண்ணைப் பறிக்கும் செகண்ட் ஹேண்ட் வண்டி நாலு கழுவலில் முகம் மாறுவது அதனால்தான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓரிடத்தைத் துடைத்துப் பார்த்தால் உண்மை வந்துவிடும். என் வண்டியில் வந்தது.

நிரப்பாமல் கீறலைப் போக்க ஒரே வழி, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து இறக்குவது. முதலில் கழுவி, களிமண் உருண்டை போன்ற கிளே பாரைச் சோப்புத் தண்ணீரோடு வழுக்கவிட்டு, ஒட்டியிருக்கும் தாரையும் இரும்புத் துகளையும் பிடுங்க வேண்டும். அதற்குமுன் பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வழவழப்பு என்று நினைத்த இடமெல்லாம் ரவை கொட்டின மாதிரி இருக்கும். பிறகு காம்பவுண்ட், அதற்கும் பிறகு நைசான பாலிஷ். நிழலில், பானெட் ஆறியிருக்கும்போது.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, அண்ணனிடம் கொடுக்காமல் நானே ஒரு பாலிஷிங் மிஷின் வாங்கினேன். படித்தவன் செய்யக்கூடிய தப்பு.

முதல் நாள் நன்றாக வந்தது. வலை மறைந்தது. தென்னை மரம் தலைகீழாக, ஓலை ஓலையாகப் பானெட்டுக்குள் நின்றது. விட முடியவில்லை. அடுத்த மாதம் ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை, யாரோ பையை உரசினார்கள் என்று ஒரு தடவை. ஒருநாள் பானெட்டின் முன் விளிம்பில் மிஷினைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்தபோது ஃபோம் பேடு கறுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பெரியப்பாவின் துணி ஞாபகம் வந்தது. எத்தனை அழுக்கு!

மறுநொடி வயிற்றைக் கலக்கியது. பெரியப்பா காலத்து வண்டியில் பூச்சு ஒரே நிறம்தான். தேய்த்தால் நிறம் துணியில் வரத்தான் செய்யும், விளிம்புகளில் அடியிலிருக்கும் செம்மண் நிறப் பிரைமரும் தெரியத் தொடங்கும். இப்போதைய வண்டிகளில் நிறத்துக்குமேல் கண்ணாடி போல நிறமே இல்லாத ஒரு பூச்சு. பட்டறையில் அதைக் கிளியர் கோட் என்கிறார்கள். தேய்ப்பதெல்லாம் அதைத்தான். துணியில் நிறம் வந்தால், அந்தக் கண்ணாடி முடிந்துவிட்டது என்று பொருள்.

அண்ணன் திட்டவில்லை. பூச்சின் தடிமனை அளக்கும் ஒரு சின்னக் கருவியை வண்டியில் அங்கங்கே வைத்து எடுத்தார். கதவில் 115 மைக்ரான். பானெட் நடுவில் 92. அத்தனை பூச்சும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதில் கிளியர் கோட் நாற்பது ஐம்பது மைக்ரான் இருந்தாலே அதிகம், தலைமுடியைவிட மெல்லிசு. வெயிலைத் தாங்கும் மருந்தும் அதற்குள்தான் இருக்கிறது.

"பெயிண்டு வெளிம்புல நிக்காதுங்க சார், வழிஞ்சு ரெண்டு பக்கமும் போயிரும். அங்கத்தான் மெலிசு. அதுலயே போயி மிஷின வெச்சிருக்கறீங்க. ஒரு டேப்பாவது ஒட்டியிருக்கலாமுங்க" என்றார். அப்புறம், "இனி ஒருக்காவோ ரெண்டுக்காவோதான். அத எப்பச் செலவு பண்ணலாம்னு நீங்களே பாத்துக்கங்க."

அந்த விளிம்பை மட்டும் அவர் அடித்துச் சேர்த்துவிட்டார். எங்கே சேர்கிறது என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

அதன்பிறகு மிஷின் பரணில் இருக்கிறது. இப்போது செய்வதெல்லாம் கீறல் விழாமல் பார்ப்பதுதான். இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசப் பச்சைத் தண்ணீர். மேலிருந்து கீழே, வட்டம் போடாமல். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கறுப்பில் வெள்ளை வட்டங்கள் நிற்கும். ஆகவே கடைசி அலசலுக்குச் சிறுவாணிக் குடிதண்ணீர் ஒரு குடம். கோவைக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியும். அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்துத்தான் எடுக்கிறேன். மெழுகும் உண்டு, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து தட்டி எடுக்கும் கர்னாபா மெழுகு. செராமிக் கோட்டிங் போடச் சொல்லி ஒரு கடைக்காரர், '9எச் கடினம்' என்று அடித்துப் பேசினார். அந்த 9எச் பென்சில் கணக்கு. 9எச் பென்சில் கீறாது என்று அர்த்தம். எங்கள் தெரு மணல் பென்சிலால் ஆனதல்ல.

பானெட்டின் நடுவில் ஒரு காசளவு மங்கல் இருக்கிறது. வாங்கிய வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும். நான் ஊரில் இல்லை, ஒரு வாரம் வெயிலில் காய்ந்து, எடுத்தபோது பூச்சையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு வந்தது. எடுக்கலாம். அதற்கு அண்ணன் சொன்ன அந்த ஒன்றிரண்டு தடவைகளில் ஒன்றைச் செலவு செய்ய வேண்டும்.

இந்த வருஷம் முன்கூட்டியே சொன்னேன். "அம்மா, பொட்டு கண்ணாடியில வச்சிருங்க. துடைச்சா போயிரும்."

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றி வந்தார். "ஏங் கண்ணு, கண்ணாடிக்கா பூச போடறோம்? வண்டிக்குத்தான?" என்றார். பானெட்டின் முன்னால் குனிந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ தேடினார். பழைய வட்டம் அகப்பட்டதும், சரியாக அதன்மேலேயே விரலை அழுத்தி வைத்தார்.